கிஃப்ட் கார்டு: நிபந்தனைகளைப் படிப்பதும் பணத்தைக் காப்பதும்

கிஃப்ட் கார்டு கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அதை வெளியிட்டவர் யார் என்பதைத்தான். ஒரு நிறுவனத்தின் கடைகளில் மட்டும் செல்லும் அட்டைக்கு ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் தேவையில்லை. அதற்கு அந்நிறுவனம் வகுத்த நிபந்தனைகளே பொருந்தும். வங்கியோ அனுமதி பெற்ற நிறுவனமோ வெளியிட்டு, பல கடைகளில் செல்லும் அட்டைக்கு ரிசர்வ் வங்கி 2021-இல் வெளியிட்ட நெறிமுறைகள் உண்டு. அவற்றின்படி ஓர் அட்டையின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதில் மீண்டும் பணம் ஏற்றவோ, அதை ரொக்கமாக மாற்றவோ இயலாது. ஆனால் அது குறைந்தது ஓராண்டு செல்ல வேண்டும். காலாவதிக்கு முந்தைய 45 நாள்களில் வெளியீட்டாளர் நினைவூட்டவும் வேண்டும். அந்த நினைவூட்டல் அட்டையை வாங்கித் தந்தவரின் கைப்பேசிக்கே போய்விடக்கூடும் என்பதால், கடைசித் தேதியை நீங்களே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

நிபந்தனைகளில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: முழுத் தொகையையும் ஒரே முறையில் செலவிட வேண்டுமா, தள்ளுபடியுடன் சேர்த்துப் பயன்படுத்தலாமா, எந்தக் கிளைகளில் செல்லும். நகைக்கடை அட்டையாக இருந்தால், தங்கக் காசுக்குச் செல்லுமா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

திருட்டைப் பொறுத்தவரை, பெரும்பாலான அட்டைகளில் அட்டை எண்ணும் பின் (PIN) என்ற ரகசிய எண்ணும் தெரிந்தவரே பணத்துக்கு உரியவர்போல ஆகிவிடுகிறார் என்பதை மறக்கக் கூடாது. கடையில் வாங்கும்போது பின் எண்ணை மூடியிருக்கும் பூச்சு சுரண்டப்பட்டிருக்கிறதா, அதன்மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சிறு ஐயம் எழுந்தாலும் வேறு அட்டை கேளுங்கள். இணையக் கடையின் அட்டையாக இருந்தால், கிடைத்த அன்றே உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள். அதன்பின் அந்த எண் வேறு யார் கையில் சிக்கினாலும் பயன்படாது. மீதித் தொகையை அறிய, தேடலில் முதலில் வரும் இணைப்பைத் தொடாமல், அட்டையில் அச்சிட்டுள்ள முகவரிக்கே செல்லுங்கள்.

மேலதிகாரியின் படத்தை வைத்துக்கொண்டு, "கூட்டத்தில் இருக்கிறேன், உடனே சில கிஃப்ட் கார்டு வாங்கி எண்களை அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி மோசடிக்காரர்களின் வழக்கமான உத்தி. உங்களிடம் ஏற்கெனவே உள்ள அவரது எண்ணுக்கு அழைத்துப் பேசாமல் எதையும் வாங்காதீர்கள். எந்த அரசு அலுவலகமும் வரியையோ அபராதத்தையோ கிஃப்ட் கார்டாகக் கேட்பதில்லை.

பணம் போய்விட்டது தெரிந்தால், முதலில் வெளியீட்டாளரை அழைத்து அட்டையை முடக்கச் சொல்லி, புகார் எண்ணைப் பெறுங்கள். மோசடி என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் தெரிவியுங்கள். கடை நிபந்தனைக்கு மாறாக நடந்துகொண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915 இருக்கிறது. எங்கு முறையிட்டாலும் அட்டை எண்ணும் வாங்கிய ரசீதும் தேவைப்படும். எனவே தொகை முழுவதும் செலவாகும்வரை இரண்டையும் படமெடுத்து, பின் எண் தெரியாதபடி பத்திரப்படுத்துங்கள்.