சேபனா, பெலிச்சிக்கா? கல்லூரி கோச்சையும் தொழில்முறை கோச்சையும் ஒப்பிடும் முறை

அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில்லுக்கு நாங்கள் குடிவந்து பதினான்கு வருடம் ஆகிறது. வந்த வாரமே பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் நின்று, "நீங்கள் அலபாமாவா, ஆபர்னா?" என்று கேட்டார். எந்த ஊர், என்ன வேலை என்பதெல்லாம் அப்புறம்தான். இரண்டும் ஃபுட்பால் விளையாடும் பல்கலைக்கழகங்கள் என்று கூட அன்று எனக்குத் தெரியாது. இப்போது என்னிடம் ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருக்கிறது. அதில் அமெரிக்க ஃபுட்பால் (பந்தைக் கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் ஆடுவது) கோச்சுகள் வரிசையாக இருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு வரி. யார் பெரிய கோச் என்று வீட்டிலோ நண்பர்களிடமோ பேச்சு வந்தால் அதை வைத்துத்தான் பேசுகிறேன். அந்த நோட்டை எப்படிப் போடுவது என்று சொல்கிறேன்.

முதலில், கோப்பைகளை எண்ணிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். நிக் சேபனுக்குக் கல்லூரியில் 7 தேசிய சாம்பியன்ஷிப்: லூசியானா ஸ்டேட்டில் ஒன்று, அலபாமாவில் ஆறு. பில் பெலிச்சிக்குக்கு நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில் தலைமை கோச்சாக 6 சூப்பர் பௌல், அதாவது தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டக் கோப்பை. ஏழு பெரிதா, ஆறு பெரிதா என்று நானும் முதலில் அப்படித்தான் கணக்குப் போட்டேன். அது நெல்லையும் துணியையும் ஒரே படியில் அளப்பது மாதிரி. இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை இல்லை.

கல்லூரி கோச்சின் பாதி வேலை மைதானத்துக்கு வெளியே நடக்கிறது. பதினேழு வயதுப் பையனின் வீட்டுக்குப் போய், அவன் அம்மா அப்பா எதிரில் உட்கார்ந்து, 'உங்கள் பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள்' என்று கேட்க வேண்டும். இதைத்தான் ரெக்ரூட்டிங் என்கிறார்கள். இந்த வருடம் ஜெயிக்கும் கல்லூரிக்கு அடுத்த வருடமும் நல்ல பையன்கள் வருவார்கள். வலியவன் மேலும் வலியவன் ஆவதைத் தடுக்க அங்கே பெரிய விதி எதுவும் இல்லை.

தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் எல்லாம் தலைகீழ். 32 அணிகள். கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் ட்ராஃப்ட்டில், போன வருடம் கடைசியாக வந்த அணிதான் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும். ஜெயித்த அணிக்குக் கடைசி வாய்ப்பு. 1994 முதல் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு. பணம் இருக்கிறது என்று எல்லா நட்சத்திரங்களையும் வாங்கி அடுக்க முடியாது. மேலே ஏறுகிறவனைக் கீழே இழுக்கிற மாதிரிதான் அந்த லீக்கையே கட்டியிருக்கிறார்கள். அதில் இருபது வருடம் மேலேயே இருந்தவர் பெலிச்சிக்.

அதனால் பெலிச்சிக்கின் ஆறுதான் கனம் என்று முடித்துவிடாதீர்கள். அவர் கையில் ஒரே குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்தி, பந்தை எறிகிற முக்கிய ஆள்) இருபது வருடம் இருந்தார். டாம் பிரேடியை 2000 ட்ராஃப்ட்டில் 199வது ஆளாக எடுத்தார்கள். ஆறு கோப்பையும் அவரோடுதான். பிரேடி 2020இல் டாம்பா பே அணிக்குப் போய் அந்த சீசனிலேயே சூப்பர் பௌல் ஜெயித்தார். பேட்ரியட்ஸ் 7 வெற்றி, 9 தோல்வி. கல்லூரி கோச்சுக்கோ பையன் மூன்று நான்கு வருடத்தில் போய்விடுவான். சேபன் கோப்பை வாங்கிய ஏழு இறுதி ஆட்டத்திலும் குவார்ட்டர்பேக்காக முதலில் இறங்கியவர்கள் மேட் மாக், கிரெக் மெக்எல்ராய், ஏ.ஜே. மெக்காரன் (இரண்டு முறை), ஜேக் கோக்கர், ஜேலன் ஹர்ட்ஸ், மேக் ஜோன்ஸ். மொத்தம் ஆறு குவார்ட்டர்பேக். இதை நோட்டில் தனிக் கட்டமாகப் போடுங்கள்: 'எத்தனை குவார்ட்டர்பேக்கோடு ஜெயித்தார்?' தொழில்முறையில் இந்தக் கட்டத்தில் எனக்குப் பிடித்தவர் வாஷிங்டன் அணியின் ஜோ கிப்ஸ். மூன்று சூப்பர் பௌல், மூன்று வெவ்வேறு குவார்ட்டர்பேக்.

அடுத்த கட்டம், 'கைக்கு வந்தபோது அணி எப்படி இருந்தது?' வின்ஸ் லொம்பார்டி வருவதற்கு முந்தைய வருடம், 1958இல், கிரீன் பே பேக்கர்ஸ் பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்தது. ஒன்று டிரா, பத்து தோல்வி. அவர் வந்த வருடமே 7 வெற்றி, 5 தோல்வி. 1961 முதல் 1967 வரை ஏழு வருடத்தில் ஐந்து சாம்பியன்ஷிப். சான் ஃபிரான்சிஸ்கோவில் பில் வால்ஷ் முதல் சீசனில் 2 வெற்றி, 14 தோல்வி. மூன்றாவது சீசனில் சூப்பர் பௌல். டல்லஸில் ஜிம்மி ஜான்சன் 1989இல் 1 வெற்றி, 15 தோல்வி. நான்காவது சீசனில் சாம்பியன். அவர் கட்டிய அந்த அணி அப்படியே பேரி ஸ்விட்சர் கைக்குப் போய் 1995 சீசனில் இன்னொரு கோப்பை வாங்கியது. ஸ்விட்சரின் அந்தக் கோப்பைக்கு நான் பாதி மதிப்புதான் கொடுக்கிறேன். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் அவர் வாங்கிய மூன்றுக்கும் முழு மதிப்பு. சேபன் அலபாமாவுக்கு வந்த 2007இல் லூசியானா-மன்ரோவிடம் சொந்த மைதானத்தில் தோற்றார். 2009இல் பதினான்கு ஆட்டமும் வெற்றி.

மூன்றாவது கட்டம்தான் சண்டை வருகிற இடம்: 'அந்தக் கோப்பையை எப்படிக் கொடுத்தார்கள்?' பெரியவரின் கார் ஷெட்டில் கட்டம் போட்ட தொப்பியோடு பேர் பிரையன்ட் படம் மாட்டியிருக்கிறது. அலபாமாவுக்கு 1958 முதல் 1982 வரை கோச், வேறு கல்லூரிகளையும் சேர்த்து மொத்தம் 323 வெற்றி, அலபாமாவில் ஆறு தேசிய சாம்பியன்ஷிப். ஒரு சனிக்கிழமை மதியம் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் கல்லூரி சாம்பியனை ஆட்டம் வைத்துத் தீர்மானிக்கவில்லை, ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சில வருடம், சீசன் முடிவில் நடக்கும் பௌல் என்ற கடைசி ஆட்டத்துக்கு முன்னாலேயே ஓட்டு முடிந்துவிடும். 1964இல் பட்டத்தை வாங்கிக்கொண்டு ஆரஞ்சு பௌலில் டெக்சஸிடம் 21-17 என்று தோற்றது அலபாமா. 1973இல் கோச்சுகள் போட்ட ஓட்டில் முதலிடம். அப்புறம் சுகர் பௌலில் நோட்ர டாமிடம் 24-23 என்று தோல்வி. ஆறில் இரண்டு அப்படி என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "1966ஐயும் எழுது" என்றார். அந்த வருடம் அலபாமா பதினொன்றும் ஜெயித்தது. பட்டம் ஒரு டிராவோடு இருந்த நோட்ர டாமுக்குப் போனது. அவர் சொன்னதும் நியாயம்தான், எழுதினேன். பழைய கோச்சுகளுக்கு இந்தக் கட்டத்தில் வந்ததை மட்டும் எழுதினால் போதாது, கைநழுவிப் போனதையும் எழுத வேண்டும்.

அதே பக்கத்தில் இன்னொன்றும் எழுத வேண்டியிருந்தது. அலபாமா பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் ஸ்காலர்ஷிப் பெற்ற முதல் கறுப்பின வீரர் வில்பர் ஜாக்சன் சேர்ந்தது 1970இல்தான். அதுவரை தெற்கு மாநிலங்களில் பிறந்த எத்தனையோ திறமையான பையன்களுக்கு அந்தக் கதவே திறக்கவில்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான்காவது, 'பக்கம் மாறிப் பார்த்தாரா?' இதைத்தான் பலரும் கடைசித் தீர்ப்பு மாதிரி நினைக்கிறார்கள். சேபன் மயாமி டால்ஃபின்ஸில் இரண்டு வருடத்தில் 15 வெற்றி, 17 தோல்வி. ஃபுளோரிடாவில் சாம்பியனான ஸ்டீவ் ஸ்பரியர் வாஷிங்டனில் 12-20. மூன்று தேசியப் பட்டம் வாங்கிய அர்பன் மையர் ஜாக்சன்வில்லில் 2-11, ஒரு சீசன் முடிவதற்குள் வேலை போனது. எதிர்ப்பக்கமும் அப்படித்தான்: பெலிச்சிக் 2025இல் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் முதல் ஆட்டமே 48-14 என்று தோற்று, சீசனை 4-8 என்று முடித்தார். இவர்களை மட்டமாக எடைபோட இதைச் சொல்லவில்லை. கல்லூரியில் ஒரு சொல்லுக்குக் கட்டுப்படுகிற பையன், தொழில்முறையில் கோச்சை விட அதிகச் சம்பளம் வாங்கும் ஆளாக இருக்கலாம். தலைவிதியும் கொஞ்சம் உண்டு. 2006இல் தோள் அறுவை சிகிச்சை ஆன ட்ரூ பிரீஸை எடுக்கலாமா என்று யோசித்த டால்ஃபின்ஸ், மருத்துவர்கள் தயங்கியதால் வேறொருவரை எடுத்தது. பிரீஸ் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய் பெரிய பேர் வாங்கினார். எடுத்திருந்தால் சேபன் அலபாமாவுக்கே வந்திருக்க மாட்டாரோ என்று இந்த ஊரில் இன்றும் பேசுகிறார்கள்.

கல்லூரி தேசியப் பட்டம், சூப்பர் பௌல் இரண்டையும் தலைமை கோச்சாக வாங்கியவர்கள் ஜிம்மி ஜான்சன், பேரி ஸ்விட்சர், பீட் கேரல், மூன்றே பேர். ஆனால் இந்தக் கட்டத்தில் நான் எல்லாருக்கும் மேலே வைப்பது சூப்பர் பௌல் பிறப்பதற்கு முன்னாலேயே ஜெயித்த பால் பிரவுனை. ஒஹாயோவின் மாசிலன் உயர்நிலைப் பள்ளியில் பெயர் வாங்கினார். 1942இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்குத் தேசியப் பட்டம். 1946இல் கிளீவ்லாந்தில் புது அணி; அதற்கு அவர் பெயரையே வைத்து பிரவுன்ஸ் என்றார்கள். அந்த அணி இருந்த சிறிய லீக்கில் நான்கு வருடமும் அவர்களே சாம்பியன். 'அது லேசான லீக்' என்று கேலி செய்தவர்கள் உண்டு. 1950இல் என்.எஃப்.எல்.லில் சேர்ந்த முதல் ஆட்டத்திலேயே நடப்பு சாம்பியன் பிலடெல்ஃபியாவை 35-10 என்று அடித்தார்கள், அந்த வருடக் கோப்பையையும் வாங்கினார்கள். வீரர்களை வகுப்பில் உட்கார வைத்துப் பாடம் நடத்தியதும், ஆட்டப் படச்சுருளைப் போட்டுப் பார்த்து மார்க் போட்டதும் அவர் வழக்கமாக்கியது. மரியன் மோட்லி, பில் வில்லிஸ் என்ற இரண்டு கறுப்பின வீரர்களை 1946இலேயே அணியில் சேர்த்தார். பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் பெரிய லீக்குக்கு வந்தது அதற்கு அடுத்த வருடம்தான்.

எண்கள் இதோடு போதும். அடுத்து, ஆளுக்கு ஒரு ஆட்டம் எடுத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஆட்டம் கையை விட்டுப் போகும்போது கோச் என்ன செய்தார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

நான் பார்க்கச் சொல்வது இரண்டு. ஒன்று 2018 ஜனவரி 8, அலபாமாவும் ஜார்ஜியாவும் மோதிய இறுதி ஆட்டம். பாதி ஆட்டத்தில் 13-0 என்று அலபாமா பின்தங்கியிருக்கிறது. இரண்டு சீசனில் இரண்டே ஆட்டம் தோற்ற ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்து, முதல் வருடப் பையன் டுவா டாகோவைலோவாவை இறக்கினார் சேபன். கூடுதல் நேரத்தில் அந்தப் பையன் பந்தோடு சிக்கி 16 கெஜம் பின்னால் போய்விட்டான். எங்கள் வீட்டில் என் மகன் சோபாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அடுத்த பந்தே 41 கெஜம் பறந்து டெவான்டா ஸ்மித் கையில் விழுந்தது, 26-23. ஆனால் உட்கார வைக்கப்பட்ட ஹர்ட்ஸைக் கடைசி வரை பாருங்கள். டுவாவைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடுகிறார். அந்த வருடக் கடைசியில், அதே ஜார்ஜியாவுக்கு எதிராக டுவாவுக்கு அடிபட்டபோது உள்ளே வந்து ஆட்டத்தைக் காப்பாற்றியவரும் ஹர்ட்ஸ்தான். ஒதுக்கி வைத்த பையன் ஒரு வருடம் கழித்தும் தயாராக நிற்கிற மாதிரி அணியை வைத்திருப்பதுதான் கல்லூரி கோச்சின் வேலை.

இன்னொன்று 2015 பிப்ரவரி 1 சூப்பர் பௌல். பேட்ரியட்ஸ் 28-24 என்று முன்னால் நிற்கிறது, பந்தோடு சியாட்டில், ஜெயிக்கக் கடக்க வேண்டிய கோட்டிலிருந்து ஒரே ஒரு கெஜத்தில். கடிகாரம் ஓடுகிறது. டைம் அவுட் கேள் என்று ஊரே கத்துகிறது. பெலிச்சிக் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடி சும்மா நிற்கிறார். அவர் காத்திருந்ததில் நெருக்கடி சியாட்டில் பக்கம் போனது. இங்கே வெஸ்ட் அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆடி, ட்ராஃப்ட்டில் யாரும் எடுக்காத மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து பந்தைப் பறித்தார். அந்த வாரம் பயிற்சியில் அதே திட்டத்திடம் ஏமாந்தவர் அவர். ஏமாந்ததைத் திருத்தி, இருபது விநாடிக்காக அவரைத் தயார்செய்து வைத்திருந்தார்கள்.

சரி, தவறுகளுக்கும் ஒரு கட்டம் வேண்டும். 2007இல் எதிரணியின் சைகைகளைப் படம் எடுத்த விவகாரத்தில் பெலிச்சிக்குக்கு 5 லட்சம் டாலர் அபராதம். பீட் கேரலின் கல்லூரி 2004 பட்டத்தைப் பின்னால் இழந்தது. இதை எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதுங்கள், பிடித்த கோச் என்று விட்டுவிடாதீர்கள்.

கடைசிக் கட்டம், 'அவரிடமிருந்து யார் யார் வந்தார்கள்?' சேபனிடம் உதவி கோச்சாக இருந்த கெர்பி ஸ்மார்ட் ஜார்ஜியாவுக்கு இரண்டு பட்டம் வாங்கிக் கொடுத்தார். பில் வால்ஷின் ஆட்கள் லீக் முழுக்கப் பரவினார்கள். ஆனால் இந்தக் கட்டத்தில் எடி ராபின்சனுக்குப் பக்கத்தில் யாரையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை. லூசியானாவில் கிராம்ப்லிங் என்ற சிறிய கறுப்பினக் கல்லூரி. 1941இல் கோச்சாகச் சேர்ந்தவர் 1997 வரை அங்கேயே இருந்தார். 408 வெற்றி. பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்ளாத பையன்கள் அவரிடம் வந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் தொழில்முறைக்குப் போனார்கள். லொம்பார்டியின் பேக்கர்ஸில் ஆடிய வில்லி டேவிஸ் அவர்களில் ஒருவர். 1988 ஜனவரி சூப்பர் பௌலில் இரண்டாவது கால்பகுதியில் மட்டும் நான்கு டச் டவுன் பாஸ் (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி வாங்கித் தரும் எறிதல்) போட்டு, அந்தக் கோப்பையை ஜெயித்த முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் ஆன டக் வில்லியம்ஸும் அவர் பிள்ளைதான். மேலே ஜோ கிப்ஸ் வரியில் எழுதிய மூன்று பெயரில் ஒன்று இவருடையது. கிப்ஸுக்கு ஒரு மார்க் போடும்போது ராபின்சனுக்கும் ஒன்று போட்டேன். ராபின்சன் ஓய்வு பெற்றதும் கிராம்ப்லிங்கில் அவர் இடத்துக்கு வந்தவரும் வில்லியம்ஸ்தான்.

பல பட்டியல்களில் ராபின்சன் பெயர் இருப்பதே இல்லை. சின்னக் கல்லூரி, சின்ன எதிரணிகள், தொழில்முறையில் ஒரு ஆட்டத்துக்குக் கூடத் தலைமை கோச்சாக இருந்ததில்லை என்பார்கள். நீங்கள் நோட்டுப் போடும்போது அவர் வரியில் 'பக்கம் மாறிப் பார்த்தாரா?' என்ற கட்டத்துக்கு வந்ததும் ஒரு நிமிடம் நில்லுங்கள். நவீன என்.எஃப்.எல்.லில் முதல் கறுப்பினத் தலைமை கோச்சாக ஆர்ட் ஷெல் வேலைக்கு வந்தது 1989இல். அப்போது ராபின்சனுக்கு 70 வயது. அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடாதீர்கள், காலியாகவே விடுங்கள்.