இரண்டு யூனிக்ஸ் கணினிகளை மோடம் வழியே இணைத்தல்: தொடக்கநிலைச் செய்முறை

இணையம் எட்டாத ஓரிடத்தில் ஒரு கணினி இருக்கிறது. அங்கே தொலைபேசி இணைப்பு மட்டும் உண்டு. அந்தக் கணினிக்குள் நுழைந்து வேலை செய்யவோ அதிலிருந்து கோப்புகளை எடுத்துவரவோ வேண்டுமானால், கணினித் தரவைத் தொலைபேசியில் போகும் ஒலியாகவும் அந்த ஒலியை மீண்டும் தரவாகவும் மாற்றும் மோடம் ஒவ்வொன்றை இரு முனைகளிலும் வைத்து, ஒன்று அழைக்க மற்றொன்று எடுக்கும்படி அமைத்தால் போதும். இடையில் இணையச் சேவை எதுவும் தேவையில்லை. வலையமைப்பு முழுவதும் விழுந்துவிட்ட நேரத்தில் சர்வருக்குள் புகுவதற்கான மாற்றுவழியாகவும் இதே ஏற்பாடு பயன்படுகிறது. இதில் ஏற்படும் தோல்விகளில் பெரும்பாலானவை தொலைபேசிக் கம்பியில் நேர்வதில்லை. மோடத்துக்கும் கணினிக்கும் இடையிலுள்ள அந்தச் சிறிய கேபிளில்தான் நேர்கின்றன. ஆகவே அந்தப் பகுதிக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் எழுத்தொலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும். யூனிக்ஸ் கட்டளைகள் சிறிய எழுத்திலும், மோடம் கட்டளைகள் பெரிய எழுத்திலும் இருக்கட்டும்.

முதல் படி: மோடமும் கேபிளும்

கணினிக்கு வெளியே தனிப் பெட்டியாக இருக்கும் சீரியல் மோடத்தைத் தேர்ந்தெடுங்கள். கணினிக்குள் செருகும் மலிவான அட்டைகளில் பல, சமிக்ஞையைக் கையாளும் வேலையைக் கணினியின் செயலியிடம் தள்ளிவிடுபவை. அவற்றுக்கான இயக்கிகள் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டவை. வெளி மோடத்தில் இன்னொரு வசதி, முகப்பில் வரிசையாக எரியும் சிறு விளக்குகள். எந்தச் சமிக்ஞை உயர்ந்திருக்கிறது, எது விழுந்தது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

கேபிள் நேர்க் கேபிளாக இருக்க வேண்டும். இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்கப் பயன்படும் குறுக்குக் கேபிள் இங்கே உதவாது. மூன்று கம்பிகள் மட்டுமே உள்ள கேபிளும் கூடாது. அதில் எழுத்துகள் போய்வரும், ஆனால் கட்டுப்பாட்டுச் சமிக்ஞைகள் போகா.

வேகத்தைப் பற்றி ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1998இல் வந்த வி.90 தரம் 56 கிலோபிட் வேகத்தைத் தருவது, ஒரு முனை தொலைபேசி நிலையத்துடன் டிஜிட்டல் முறையில் இணைந்திருந்தால் மட்டுமே. சாதாரணத் தொலைபேசி இணைப்புகள் இரண்டுக்கு இடையே வி.34 தரத்தின் உச்சமான நொடிக்கு 33,600 பிட்தான் எல்லை. பெட்டியில் 56கே என்று அச்சிட்டிருக்கிறதே என்று அமைப்புகளைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

இரண்டாம் படி: முனையும் அனுமதியும்

லினக்ஸில் முதல் சீரியல் முனையின் பெயர் /டெவ்/டிடிஒய்எஸ்0. இதில் எஸ் மட்டும் பெரிய எழுத்து. யூஎஸ்பி வழியே செருகும் மோடமானால் டிடிஒய்ஏசிஎம்0 என்று தோன்றும், இதில் ஏசிஎம் பெரிய எழுத்து. ஃப்ரீபிஎஸ்டியில் வெளியே அழைப்பதற்கு சியுஏயு0 என்றும், உள்வரும் அழைப்புக்கு டிடிஒய்யு0 என்றும் ஒரே முனைக்கு இரு பெயர்கள் உண்டு. டெபியன் வகை அமைப்புகளில் உங்கள் பயனர் கணக்கு டயல்அவுட் என்ற குழுவில் இருக்க வேண்டும். குழுவில் சேர்த்த பின் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

மூன்றாம் படி: மோடத்துடன் கையால் பேசுதல்

எந்த மென்பொருளையும் அமைப்பதற்கு முன், மோடத்துடன் நீங்களே நேரில் பேசிப் பார்க்க வேண்டும். இதைத் தாண்டிச் செல்பவர்கள், பின்னால் பிழை எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியாமல் நாள் கணக்கில் தேட நேரிடும். அதற்கான எளிய கருவி, சியு என்ற பழைய யூனிக்ஸ் கட்டளை:

சியு -எல் /டெவ்/டிடிஒய்எஸ்0 -எஸ் 115200

தொலைபேசியில் 33,600 பிட்தான் ஓடும் என்றால் இங்கே 1,15,200 எதற்கு என்று கேட்கலாம். மோடம்கள் தமக்கிடையே தரவைச் சுருக்கி அனுப்புகின்றன, வி.42பிஸ் முறையில் உரைக்கோப்பு கால் பங்கு அளவுக்குக்கூடச் சுருங்கக்கூடும். சுருங்கியதை மறுமுனை மோடம் விரித்துக் கணினியிடம் கொடுக்கும்போது, அந்தக் கேபிள் தொலைபேசிக் கம்பியைவிடப் பல மடங்கு வேகமாக இருந்தால்தான் தேக்கம் ஏற்படாது.

இணைந்ததும் ஏ, டி என்ற இரண்டு எழுத்துகளை அடித்து என்டர் அழுத்துங்கள். கவனம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் இரு எழுத்துகள் அவை. ஹேய்ஸ் நிறுவனம் 1981இல் வெளியிட்ட ஸ்மார்ட்மோடம் வழியாகப் பரவி, இன்றுவரை பெரும்பாலான தொலைபேசி மோடம்கள் கேட்டு நடக்கும் மொழியாகிவிட்டது இது. திரையில் ஓகே என்று வந்தால் கேபிளும் வேகமும் சரி. ஒன்றுமே வரவில்லையென்றால் முனையின் பெயர் தவறு, அல்லது கேபிள் தவறு, அல்லது வேறொரு நிரல் அந்த முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சியுவை விட்டு வெளியேற, புதிய வரியின் தொடக்கத்தில் ~ குறியும் அதை அடுத்து ஒரு புள்ளியும் இட வேண்டும்.

நான்காம் படி: இரண்டு சமிக்ஞைகள்

இந்தச் செய்முறையின் மையம் இதுதான். கேபிளில் உள்ள கம்பிகளில் இரண்டை நன்றாக நினைவில் வையுங்கள். 9 முனைச் செருகியில் 4ஆம் முனை டிடிஆர்: நான் தயாராக இருக்கிறேன் என்று கணினி மோடத்துக்குச் சொல்வது. 1ஆம் முனை டிசிடி: எதிர்முனை மோடம் இடைவிடாது எழுப்பும் கேரியர் என்ற தொனி கேட்கிறது என்று மோடம் கணினிக்குச் சொல்வது. கணினி டிடிஆரை இறக்கினால் மோடம் தொலைபேசியை வைத்துவிட வேண்டும். இணைப்பு அறுந்தால் மோடம் டிசிடியை இறக்க வேண்டும், அதைக் கண்ட யூனிக்ஸ் அந்த முனையில் ஓடும் நிரல்களுக்குத் இணைப்பு அறுந்ததைச் சொல்லும் ஹேங்கப் சமிக்ஞை அனுப்பி அவற்றை முடித்துவைக்கும். இந்த இரண்டும் சரியாக இல்லையென்றால், ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்து, அடுத்து அழைப்பவர் அவருடைய திறந்த கணக்குக்குள்ளேயே கடவுச்சொல் இல்லாமல் போய் நிற்கும் ஆபத்து உண்டு. பல மோடம்கள் டிசிடியை எப்போதும் உயர்த்தியே வைத்திருக்கும்படி அமைக்கப்பட்டு வருகின்றன என்பதால், இதைத் தற்செயலுக்கு விடக் கூடாது.

சியுவில் இருந்தபடியே இவற்றை ஒவ்வொன்றாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் ஓகே வருகிறதா என்று பாருங்கள்:

ஏடி&எஃப்
ஏடி&சி1
ஏடி&டி2
ஏடி&கே3
ஏடி&டபிள்யூ

முதலாவது, மோடத்தை ஆலை அமைப்புக்குத் திருப்புகிறது. சி1 என்பது கேரியரைக் குறிப்பது: டிசிடி உண்மை நிலையையே காட்ட வேண்டும். டி2 என்பது டிடிஆரைக் குறிப்பது: அது இறங்கினால் தொலைபேசியை வைத்துவிட வேண்டும். கே3 என்பது வன்பொருள் வழி ஓட்டக் கட்டுப்பாடு. பெறுபவர் திணறும்போது அனுப்புபவரை நிறுத்தி வைக்கும் வேலையை இது தனிக் கம்பிகளில் செய்கிறது. இந்தக் கட்டளை மட்டும் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். யூஎஸ் ரோபாட்டிக்ஸ் மோடம்களில் முதல் வரியை &எஃப்1 என்று கொடுத்தால் வன்பொருள் கட்டுப்பாடும் சேர்ந்தே அமைந்துவிடும், கே3 வேண்டியதில்லை. கடைசி வரி, இவையனைத்தையும் மோடத்தின் அழியா நினைவகத்தில் எழுதுகிறது. இதன்பின் ஏடிஇசட் என்ற கட்டளை எப்போது வந்தாலும் மோடம் இந்த நிலைக்கே திரும்பும். இரண்டு மோடம்களிலும் இதைச் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: அழைத்துப் பார்த்தல்

மறுமுனையில் அழைப்பை எடுக்கும் நிரல் எதையும் இன்னும் அமைக்கவில்லை. ஆகவே இப்போதைக்கு அங்கேயும் ஒருவர் சியுவைத் திறந்து வைத்திருக்கட்டும். இங்கே ஏடிடிடி என்று அடித்து, இடைவெளியின்றித் தொலைபேசி எண்ணை அடியுங்கள். ஏடிக்குப் பின் வரும் இரண்டு எழுத்துகளில் முன்னது டயல், பின்னது டோன் என்பவற்றின் முதலெழுத்துகள். வெளி இணைப்புக்கு முன்னால் ஓர் எண் அழுத்த வேண்டிய அலுவலக இணைப்பானால், அந்த எண்ணுக்குப் பின் ஒரு காற்புள்ளி இடுங்கள். மோடம் அங்கே 2 நொடி காத்திருக்கும். அலுவலக இணைப்பகத்தின் டயல் ஒலியை மோடம் அடையாளம் காணாமல் மறுத்தால், முன்னதாக ஏடிஎக்ஸ்3 என்று கொடுத்துவிட்டால் ஒலிக்காகக் காத்திராமல் எண்ணை அழுத்தும்.

மறுமுனைத் திரையில் ரிங் என்று தோன்றும்போது, அங்கிருப்பவர் ஏடிஏ என்று அடிக்க வேண்டும். ஒலிபெருக்கியில் முதலில் ஒரு நீண்ட தொனி, பின் இரு மோடம்களும் மாறி மாறி எழுப்பும் கரகரப்பு, பிறகு அமைதி. திரையில் கனெக்ட் என்ற சொல்லும் ஒரு வேக எண்ணும் வந்து நிற்கும். இங்கே அடிக்கும் எழுத்து இப்போது அங்கே தெரியும். இணைப்பை முடிக்க, ஒரு நொடி எதையும் அடிக்காமல் இருந்து, மூன்று + குறிகளை இட்டு, மீண்டும் ஒரு நொடி காத்திருந்து, ஏடிஎச் என்று கொடுங்கள்.

கரகரப்பு முடியாமல் நீண்டு, நோ கேரியர் என்று முடிந்தால், உங்கள் தொலைபேசி இணைப்பு உள்ளுக்குள் இணையவழிக் குரலாக மாற்றப்படுகிறதா என்று விசாரியுங்கள். குரலைச் சுருக்கும் முறைகள் மோடத்தின் தொனியைச் சிதைத்துவிடும்.

ஆறாம் படி: பதில் சொல்லும் கணினி

இனி ஆளில்லாமலே அழைப்பை எடுக்க வேண்டும். அதற்கு எம்கெட்டி என்ற நிரலையே பரிந்துரைக்கிறேன். முனையில் காத்திருந்து பயனர் பெயரைக் கேட்கும் சாதாரண கெட்டி நிரலைப் பயன்படுத்தினால் மோடமே தானாக எடுக்கும்படி எஸ்0=1 என்று அமைக்க வேண்டும்; எதிரொலியையும் பதில் சொற்களையும் ஈ0, கியூ1 கொடுத்து அணைக்க வேண்டும். நான் முதன்முதலாக அமைத்தபோது இவற்றை அணைக்கவில்லை, டிசிடியும் எப்போதும் உயர்ந்தே இருந்தது. அழைப்பே வராத நேரத்தில் கணினி மோடத்துக்கு லாகின் என்று எழுதியது, மோடம் அதை எதிரொலித்தது, கணினி அதைப் பயனர் பெயராக எடுத்துக்கொண்டு கடவுச்சொல் கேட்டது, அதுவும் எதிரொலித்தது. விடிந்தபோது பதிவேட்டில் தோல்வியுற்ற நுழைவுகள் பக்கம் பக்கமாக நிறைந்திருந்தன. இடையிடையே ரிங் என்ற பெயரில் யாரோ நுழைய முயன்றதாகவும் பதிவாகியிருந்தது. உண்மையான அழைப்பு வந்த நேரம் அது.

எம்கெட்டி மோடத்திடம் ரிங் என்ற சொல்லை எதிர்பார்த்துக் காத்திருந்து, வந்ததும் தானே ஏடிஏ அனுப்புகிறது. ஆகவே எஸ்0=0 என்றே விட்டுவிடலாம், எதிரொலியும் இருக்கலாம். கணினி தொடங்கும்போது எந்த நிரல்களை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் இனிட்டேப் கோப்பு உள்ள அமைப்புகளில் இந்த ஒரு வரி போதும்:

எஸ்0:2345:ரீஸ்பான்:/எஸ்பின்/எம்கெட்டி டிடிஒய்எஸ்0

அந்த வேலையைச் சிஸ்டம்டி என்ற நிரல் செய்யும் அமைப்புகளில் இதற்கு ஒரு சேவைக் கோப்பு எழுதி இயக்க வேண்டும். எம்கெட்டியின் அமைப்புக் கோப்பில் வேகத்தை 115200 என்றும், டேட்டா-ஒன்லி என்பதற்கு யெஸ் என்றும் கொடுங்கள். இல்லையேல் அது தொலைநகலையும் எதிர்பார்க்கும். ஒரே மோடத்தை வெளியே அழைக்கவும் பயன்படுத்தலாம்: வேறொரு நிரல், முனை பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும் பூட்டுக் கோப்பை உருவாக்கியிருந்தால் எம்கெட்டி ஒதுங்கி நின்று, அது முடிந்ததும் திரும்பி வரும்.

ஏழாம் படி: கோப்புகளை அனுப்புதல்

கையால் நுழைவது முடிந்துவிட்டது. தானாகக் கோப்புகள் போய்வர, இதற்கென்றே பிறந்த யூயூசிபி இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் உருவாக்கியது. 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸுடன் வெளியே வந்தது. இன்று கிடைப்பது இயன் லான்ஸ் டெய்லர் எழுதிய வடிவம். அழைக்கும் கணினியில் போர்ட், டயல், சிஸ், கால் என்ற நான்கு கோப்புகள் வேண்டும்: முதலாவது முனையையும் வேகத்தையும், இரண்டாவது மோடத்திடம் பேசும் முறையையும், மூன்றாவது எதிர்க்கணினியின் பெயரையும் எண்ணையும், நான்காவது அங்கே நுழைவதற்கான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்கின்றன. கால் கோப்பை மற்றவர் படிக்காதபடி அனுமதியை இறுக்கிவிடுங்கள்.

சிஸ் கோப்பில் நுழைவு உரையாடல் இப்படி இருக்கும்:

சாட் "" \ஆர்\சி ஓகின்: \எல் வேர்ட்: \பி

இதில் \எல் (பயனர் பெயர்), \பி (கடவுச்சொல்) ஆகியவற்றின் எழுத்துகள் மட்டும் பெரியவை. லாகின் என்பதன் முதலெழுத்தை விட்டுவிட்டு எதிர்பார்ப்பது எழுத்துப்பிழை அன்று. சில கணினிகள் அந்த முதலெழுத்தைப் பெரியதாக எழுதும். இணைந்த கணத்தின் இரைச்சலில் அது தொலைந்தும் போகும். எஞ்சிய பகுதி மட்டும் வந்தால் போதும் என்று வைத்தால் இரண்டையும் சமாளிக்கலாம்.

பதில் சொல்லும் கணினியில் இதற்கெனத் தனிப் பயனர் கணக்கை உருவாக்கி, அதன் ஷெல்லாக, யூயூசிபியின் கோப்புப் பரிமாற்றத்தைச் செய்யும் யூயூசிஐசிஓ நிரலையே வையுங்கள். அந்தக் கடவுச்சொல் வெளியே போனாலும் கட்டளைகளை இடும் ஷெல் எவருக்கும் கிடைக்காது. மோடம் வழியே நிர்வாகிக் கணக்கான ரூட் நேரடியாக நுழைவதையும் தடுத்துவிடுங்கள். கண்டபடி எண்களை அழைத்து எங்கே மோடம் எடுக்கிறது என்று தேடுபவர்கள் உண்டு, எனவே எண்ணை யாருக்கும் சொல்லவில்லை என்பது பாதுகாப்பு ஆகாது.

கோப்புகள் மட்டும் போதாது, தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் போன்றவையும் வேண்டும் என்றால், யூயூசிபிக்குப் பதிலாக, தொலைபேசி இணைப்பின் மேல் இணைய நெறிமுறையை ஓட்டும் பிபிபியைப் பயன்படுத்துங்கள். பிபிபிடி நிரலுக்கு மோடம், சிஆர்டிஎஸ்சிடிஎஸ், லாக் ஆகிய மூன்று விருப்பங்களையும் தவறாமல் கொடுக்க வேண்டும். முதலாவது டிசிடியையும் டிடிஆரையும் மதிக்கச் சொல்கிறது, இரண்டாவது வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு, மூன்றாவது பூட்டுக் கோப்பு.

கடைசிச் சோதனை

எல்லாம் ஓடத் தொடங்கியதும், வேண்டுமென்றே ஒருமுறை இணைப்பை அறுத்துப் பாருங்கள். அழைக்கும் கணினியிலிருந்து நுழைந்து, மறுமுனையில் ஒரு நிரலை ஓடவிட்டு, வெளியேறாமலே தொலைபேசிக் கம்பியை மோடத்திலிருந்து பிடுங்கிவிடுங்கள். பதில் சொல்லும் கணினியின் முன் இருப்பவர் யார் யார் நுழைந்திருக்கிறார்கள் என்று காட்டும் ஹூ கட்டளையைக் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும். சில நொடிகளில் மோடத்தின் கேரியர் விளக்கு அணைந்து, உங்கள் பெயர் பட்டியலிலிருந்து மறைந்து, நிரலும் நின்றுவிட வேண்டும். விளக்கு அணைந்தும் பெயர் மறையவில்லையென்றால் கேபிளில் 1ஆம் முனைக் கம்பி இல்லை, அல்லது யூனிக்ஸ் அதைப் புறக்கணிக்கும்படி அமைந்திருக்கிறது; விளக்கே அணையவில்லையென்றால் &சி1 நினைவகத்தில் ஏறவில்லை, நான்காம் படிக்குத் திரும்புங்கள்.