டிராவல் ஓரம் நேராக இருக்க: பூச்சுக் கருவிகளைக் கழுவுதல், தீட்டுதல், பழுது பார்த்தல்

சிங்கப்பூரில் பூச்சு வேலையில் பெரும்பங்கு இப்போது ஸ்கிம் கோட் எனும் மெல்லிய மேல்பூச்சுதான். முன்வார்ப்புக் கான்கிரீட் சுவரில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு இழுத்தால் போதும். ஊரில் 12 மி.மீ. மணல் சாந்து பூசும்போது டிராவல் (பூச்சை இழுத்து வழவழப்பாக்கும் மெல்லிய எஃகுத் தகட்டுக் கருவி) ஓரத்தில் ஒரு சிறு பல் விழுந்திருந்தாலும் தெரியாது. பின்னால் வரும் மணியாசு கட்டை (பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் மரக்கட்டை) அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்துவிடும். ஸ்கிம் கோட்டில் அழிக்க ஆளில்லை. அதே பல் சுவர் நெடுக ஒரு கோடாக விழும், பெயின்ட் அடித்தபின் பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். அதனால் இங்கே கருவிப் பராமரிப்பில் முதல் இடம் டிராவலின் ஓரத்துக்கு. மற்றதெல்லாம் பிறகு.

கலவை இறுகுவதற்கு முன்

வேலை முடிந்த பிறகு கழுவலாம் என்று இருந்தால் கருவி பாதி போயிற்று. ஒவ்வொரு கலவை தீர்ந்ததும், அடுத்த வாளி கலக்கும் முன், கழுவிவிட வேண்டும். ஜிப்சம் கலவை என்றால் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இறுகிய ஜிப்சத் துகள் புதுக் கலவையில் விழுந்தால் அதைச் சுற்றிப் படிகம் வேகமாக வளரும். கலவை சீக்கிரமே கட்டியாகிவிடும். மூட்டை பழசு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் வாளியின் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

மூன்று வாளி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாளியில் தடித்த கலவையைத் தேய்த்து உதிர்க்க வேண்டும், இரண்டாவதில் அலச வேண்டும், மூன்றாவதில் சுத்தமான தண்ணீரும் ஒரு ஸ்பாஞ்சும். நைலான் பிரஷ் போதும். தகடும் கைப்பிடித் தண்டும் சேரும் இடம், ஆணித் தலைகளைச் சுற்றி, கைப்பிடியின் அடிப்பக்கம் ஆகிய மூன்றும்தான் எல்லாரும் விட்டுவிடும் இடங்கள். அங்கே தங்கும் சிமென்ட் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

கழுவியதும் துணியால் துடைத்து, காற்றில் பத்து நிமிடம் வைத்து, பிறகு மெல்லிய எண்ணெய். தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு ஒரு தகட்டுக்குத் தாராளம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்து மணலைப் பிடிக்கும். சிலிகான் ஸ்பிரே அறவே கூடாது. அது சுவருக்குப் போனால் மேலே அடிக்கும் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் மீன்கண் போலக் குழி குழியாக விலகும். எந்த எண்ணெய் என்றாலும் மறுநாள் வேலைக்கு முன் சோப்பு நீரால் துடைத்துவிட்டுத்தான் சுவரைத் தொட வேண்டும்.

முதல் வாளித் தண்ணீரை எங்கே ஊற்றுவது? கழிவறையிலோ குளியலறைத் தரைக் குழியிலோ அல்ல. உள்ளே போய் இறுகினால் குழாயையே மாற்ற வேண்டிவரும், அடுக்குமாடி வீட்டில் அது கீழ்வீட்டுக்காரர் பிரச்சினையும் ஆகும். கட்டுமானத் தளங்களிலிருந்து பொது வடிகாலுக்குப் போகும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. கழுவிய சிமென்ட் தண்ணீர் அதை எத்தனையோ மடங்கு தாண்டும். வாளியை இரவு அப்படியே மூடி வையுங்கள், வண்டல் அடியில் தங்கிவிடும். மேல்நீரை மறுநாள் முதல் அலசலுக்கே திரும்பப் பயன்படுத்தலாம். வண்டலைக் காயவிட்டு, கட்டியானதும் இடிபாட்டுக் கழிவோடு சேர்த்துவிடலாம். விடுமுறைக்கு முன் எல்லா வாளியையும் காலி செய்து கவிழ்த்துவிட வேண்டும். கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் போதும்; தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் தளத்துக்கு வந்தால் இத்தகைய வாளிகளைத்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

இறுகிப் போனதை எடுப்பது

உளியும் சுத்தியலும் எடுக்கும் முன் யோசியுங்கள். தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கனம். ஒரு தட்டில் பள்ளம் விழும், அந்தப் பள்ளம் பிறகு போகாது. முதலில் கெட்டியான பிளாஸ்டிக் பட்டையாலோ மரச் சீவலாலோ தகட்டோடு ஒட்டிச் சாய்த்துத் தள்ளுங்கள். பாதிக்கு மேல் இப்படியே பெயர்ந்து வரும்.

மிச்சம் சிமென்ட் என்றால்: கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் (5 விழுக்காடு அமிலம்) துணியை நனைத்து அந்த இடத்தில் 20 முதல் 30 நிமிடம் போர்த்தி வையுங்கள். நுரை வரும். நைலான் பிரஷால் தேய்த்து, தண்ணீரில் அலசி, ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்து மறுபடி அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூச வேண்டும். சாதாரண எஃகுத் தகடு என்றால் அந்த ‘உடனே’ முக்கியம். அமிலம் பட்ட எஃகு கண்ணெதிரே செம்மை ஏறும்.

ஜிப்சத்துக்கு வினிகர் வேலை செய்யாது. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துச் சுரண்டுங்கள், அவ்வளவுதான்.

ஓடு பதித்தபின் கறை கழுவும் ஆசிட்டைச் சிலர் இதற்கும் ஊற்றுகிறார்கள். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஸ்டெயின்லெஸ் எஃகின் பாதுகாப்புப் படலத்தைக் குளோரைடு துளைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். விலை கொடுத்து வாங்கிய துருப்பிடிக்காத டிராவல் அங்கே துருப்பிடிக்கும். அதோடு பிளீச் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஸ்டெயின்லெஸ் தகட்டை இரும்புக் கம்பளியால் தேய்ப்பதும் தவறு: ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள்கள் மறுநாள் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். பச்சை நிற நைலான் பட்டை போதும்.

ஓரத்தை நேராக்குவது

வேண்டியவை: உடையாத, வளையாத ஒரு பெரிய தரை ஓடு (60 செ.மீ. ஹோமோஜீனஸ் ஓட்டில் வெட்டிய மிச்சம் தளத்திலேயே கிடக்கும்), 180, 400 எண் நீர்க் காகிதம் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), எஃகு அளவுகோல், டார்ச், ஒரு ஸ்பிரே புட்டித் தண்ணீர்.

அளவுகோலை டிராவல் ஓரத்தோடு நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே தேய்ந்திருக்கிறது. நடுவில் மட்டும் கசிந்தால் ஓரம் குழிந்துவிட்டது. இரு முனையில் கசிந்தால் புடைத்திருக்கிறது. ஓரிடத்தில் புள்ளியாகக் கசிந்தால் பல். அதை மை பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டின் மீது தண்ணீர் தெளித்து 180 எண் காகிதத்தை ஒட்டுங்கள். டிராவலைச் செங்குத்தாக நிறுத்தி, ஓரம் முழுதும் காகிதத்தில் படும்படி, நீளவாக்கில் முன்னும் பின்னும் இழுங்கள். அழுத்தத்தைக் கருவியின் எடையே தரட்டும். நீங்கள் அழுத்தினால் தகடு வளைந்து முனைகள் மட்டும் தேயும். பத்து இழுப்புக்கு ஒருமுறை டார்ச் சோதனை. கசிவு நின்றதும் 400 எண்ணில் இன்னும் பத்து. இப்போது ஓரத்தின் இருபுறமும் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். தகட்டை 400 எண் காகிதத்தில் தட்டையாகப் படுக்கவைத்து இரண்டு மூன்று முறை இழுத்தால் அது போய்விடும். ஓரத்தை விரலால் நீளவாக்கில் தடவிப் பார்க்காதீர்கள், வெட்டும். பருத்தித் துணியால் தடவுங்கள். பிசிறு மிச்சமிருந்தால் நூல் மாட்டும்.

ஆங்கிள் கிரைண்டரில் அரை நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். மெல்லிய தகடு நொடியில் சூடாகி நீலம் பாய்ந்துவிடும். அங்கே எஃகின் விறைப்புப் போய், அந்த இடம் மட்டும் அலையாக நெளியும். நெளிந்த தகட்டை நேராக்க வழியில்லை.

மூலைகளைப் பற்றிக் கொத்தனார்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. கூரான மூலை பரந்த சுவரில் கோடு போடும், ஒன்றரை மி.மீ. அளவு உருட்டிவிட்டால் போடாது. ஆனால் உருட்டிய டிராவலால் உள்மூலையை முடிக்க முடியாது. ஒன்றை உருட்டியும் ஒன்றைக் கூராகவும் வைத்துக்கொள்வதே சரி. ஒரே டிராவல்தான் என்றால் முன்முனையைக் கூராக விட்டு, பின்முனையை உருட்டுங்கள்.

புதிதாக வாங்கிய டிராவலுக்கும் இது வேண்டும். கடையிலிருந்து வரும்போது பெரும்பாலானவற்றில் வெட்டுப் பிசிறு அப்படியே இருக்கும். ஜாலான் புசார் பக்கம் ஹார்டுவேர் கடையில் வாங்கும்போதே அளவுகோலை வைத்துப் பார்த்து எடுங்கள், கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை. அடித் தண்டோடு ஒப்பிட்டால் சில தகடுகள் திருகியிருக்கும். தீட்டி அதைச் சரிசெய்ய இயலாது.

ஆடும் ஆணியும் கழன்ற பிடியும்

டிராவலை அழுத்தும்போது ‘டிக்’ என்று ஒலித்தாலோ, ஆணியைச் சுற்றிச் சாம்பல் நிற நீர் கசிந்தாலோ ரிவெட் தளர்ந்திருக்கிறது. தகட்டின் அடிமுகத்தில் ரிவெட் தலையை ஒரு கனத்த இரும்புக் கட்டி மீது சரியாகப் பொருத்துங்கள். மேல்பக்கம் உருண்டைத் தலைச் சுத்தியலால் ஆணியைச் சுற்றிச் சுற்றிச் சிறு தட்டுகள், இருபது முப்பது. ஓங்கி ஓர் அடி போதும் என்று நினைத்தால் தகட்டில் குழி விழும். பிறகு அடிமுகத்தை 400 காகிதத்தில் படுக்கவைத்துச் சோதியுங்கள். ரிவெட் தலை மட்டும் பளபளத்தால் அது வெளியே நீட்டுகிறது, சிறு அரத்தால் மட்டமாக்குங்கள். துளையே நீண்டிருந்தாலோ, துளையிலிருந்து விரிசல் ஓடியிருந்தாலோ அந்த டிராவலுக்கு வேலை முடிந்தது. பற்றவைத்த வகையில் ஒட்டு விட்டால் அதுவும் அப்படியே.

கொத்துக் கரண்டியின் மரப்பிடி கழன்றால் நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, தண்டின் துருவைத் தேய்த்து, இரண்டு குழாய்களைச் சம அளவில் கலக்கும் எபாக்சி பசையைத் துளைக்குள் விட்டுச் செருகி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வையுங்கள். ஈர மரத்தில் பசை பிடிக்காது. பிடி விரிந்ததும் மின்சார நாடா சுற்றுவது வழக்கம். உள்ளே ஈரம் பூட்டப்பட்டு மரம் உளுத்துப்போகும், கையும் வழுக்கும். கரண்டியை வாளியில் பிடியோடு போட்டு ஊறவைப்பதை நிறுத்தினால் இந்தப் பழுதே பாதி வராது.

மணியாசு கட்டை, ஸ்பாஞ்ச், மூலைக் கரண்டி

மணியாசு கட்டை நடுவில் தேயும். ஓட்டின் மீது 80 எண் காகிதம் ஒட்டி, கட்டையை எட்டுப் போடும் விதத்தில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். அதற்கு முன் திருகாணித் தலைகளை இரண்டு மி.மீ. உள்ளே இறக்கிவிட வேண்டும். வேலைக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் முழுதாக நனையுங்கள். காய்ந்த கட்டை சாந்தின் ஈரத்தை உறிஞ்சி மேல்தோலைப் பிய்க்கும். ஒருபுறம் மட்டும் நனைந்தால் வளையும். பிடிக்கும் மேல்பக்கத்துக்கும் ஆளிவிதை எண்ணெய் பூசலாம், தேய்க்கும் முகத்துக்கு வேண்டாம். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தங்குவிடுதி அறையாக இருந்தாலும் வீடாக இருந்தாலும், துணியை நீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு அப்புறப்படுத்துங்கள்.

ஸ்பாஞ்ச் கட்டையைத் தண்ணீர் தெளியும்வரை பிழிந்து, முகம் மேலே பார்க்கக் காயவையுங்கள். தெர்மோகோல் வகைக் கட்டையில் தின்னர் பட்டால் கரைந்துவிடும். மூலைக் கரண்டியின் வளைவைத் தீட்ட, அதே வளைவுள்ள பிவிசி குழாயில் காகிதத்தைச் சுற்றித் தேய்த்தால் போதும்.

அலுமினிய மட்டக்கோலும் ரசமட்டமும்

ஈரச் சிமென்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும். இரவு முழுக்க ஒட்டியிருந்தால் மறுநாள் சாம்பல் புள்ளிகளாகக் குழிந்திருக்கும். ஆகவே டிராவலுக்கு முன் மட்டக்கோலை (பூச்சை மட்டமாக்கும் நீளப் பட்டை) கழுவுங்கள்.

நேர்த்தியைச் சோதிக்கத் தரையில் ஓரத்தை ஒட்டிப் பென்சில் கோடு இழுங்கள். கோலை மறுபக்கம் புரட்டி, அதே ஓரம் அதே இரு முனைப் புள்ளிகளைத் தொடும்படி வைத்து மறுபடி கோடு இழுங்கள். இரண்டுக்கும் நடுவில் 2 மி.மீ. விலகினால் கோலின் வளைவு 1 மி.மீ. கோலை முழங்காலில் வைத்து நிமிர்த்துவது வீண் முயற்சி, இரண்டாவது இடத்தில் புது வளைவு வரும். நேராக உள்ள ஒரு மீட்டரை வெட்டி எடுத்து, குளியலறைச் சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரசமட்டத்தையும் அப்படியே முனை மாற்றி வைத்துப் பாருங்கள். குமிழி அதே இடத்தில் நிற்க வேண்டும். மாறினால் மாறிய தூரத்தில் பாதிதான் கருவியின் பிழை. கண்ணாடிக் குழாய்க்குத் திருகு இருந்தால் அந்தப் பாதியை மட்டும் திருத்துங்கள். வார்த்து ஒட்டியிருந்தால் தூக்கிப் போடுவதே நல்லது, ‘தோராயமாகப் பார்க்கலாம்’ என்று பெட்டியில் வைத்தால் அவசரத்தில் யாராவது அதைத்தான் எடுப்பார்கள். லாரியில் வெயிலில் கிடந்த மட்டத்தில் திரவம் விரிந்து குமிழி சுருங்கியிருக்கும். நிழலில் கால் மணி நேரம் வைத்த பிறகு பாருங்கள்.

வைக்கும் இடம்

இங்கே காற்றின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டைத் தாண்டியே நிற்கும். டிராவலை ஈரத் துணியிலோ இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பையிலோ சுற்றுவது துருவுக்கு விருந்து வைப்பது. கோணிப்பையும் ஈரம் குடிக்கும். தோட்டக் குழாயில் டிராவல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நீளவாக்கில் கீறி, ஓரத்தில் மாட்டுங்கள். பெட்டிக்குள் கரண்டியும் சுத்தியலும் மோதிப் பல் விழாது. பெட்டி மூடியில் இரண்டு காற்றுத் துளைகள் இருக்கட்டும். மட்டக்கோலைச் சுவரில் சாய்க்காமல் ஒரு முனையில் துளையிட்டுச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள்.