புயலில் சாய்ந்த பலாவை விறகுக்குக் கொடுக்காதீர்கள்

2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் சாய்த்துப் போட்டபோது, வைரம் பாய்ந்த அடிமரமெல்லாம் விறகு விலைக்கு லாரி ஏறியது. தச்சு வேலை செய்கிற எனக்கு மனசே ஆறவில்லை. தஞ்சாவூர் வீணை செய்கிற மரம் பலா! காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அடுப்பில் வைத்தால் அன்றைக்கே காற்றில் கலந்துவிடும்; வாசல் நிலையாகவோ கதவாகவோ நின்றால் வீடு இருக்கும்வரை மரத்துக்குள்ளேயே இருக்கும்.

முதலில் உயிர். வேரோடு சாய்ந்த மரத்தை அடியில் அறுத்ததும் வேர்க்கட்டை மண்ணோடு சட்டென்று நிமிரும். அந்தக் குழிக்குள் யாரும் நிற்கக் கூடாது. பழகிய ஆளை வைத்தே அறுங்கள்.

அறுத்த அன்றைக்கே இரண்டு முனைகளிலும் பழைய எனாமல் பெயின்டையோ உருக்கிய மெழுகையோ கனமாகப் பூசிவிடுங்கள். மரத்துக்குள் நீர் ஓடும் குழாய்கள் நீளவாக்கில் இருப்பதால், ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். முனை முந்திக் காய்ந்து சுருங்கினால் வெடிப்பு விழும்.

காற்றில் முறிந்த மரமா? முறிவை ஒட்டிய சில அடிகளை ஒதுக்கிவிடுங்கள். இழைத்த பலகையில் நாருக்குக் குறுக்கே மயிரிழைக் கோடு தெரிந்தால் அது பாரம் தாங்காது, உத்தரத்துக்கு வேண்டாம்.

சாமில்லில் மஞ்சள் வைரத்தை, அதாவது கெட்டியான உள்மரத்தை, தனியாக எடுக்கச் சொல்லுங்கள். வெளிப்புற வெளுப்பில் மாவுச்சத்து இருக்கும். வண்டு அதைத் தேடித்தான் வரும்.

அப்புறம் காயவைப்பது. நிழலில், தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி அடுக்குங்கள். பலகைக்குப் பலகை ஓர் அங்குலக் குச்சி, கீழிருந்து மேல்வரை ஒரே நேர்கோட்டில். குச்சி விலகினால் பலகை வளையும். மேலே கல் ஏற்றுங்கள்.

ஒரு பலகையில் குறி போட்டு மாதம் ஒருமுறை எடை பாருங்கள். அகலத்தை மட்டும் அளந்து ஏமாற வேண்டாம். ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் மரம் சுருங்கவே தொடங்கும். சுருங்கி முடிவதற்குமுன் செய்த வாசல் நிலையில் மூட்டெல்லாம் விட்டுக்கொள்ளும். எடை குறையாமல் நின்றால் ஆசாரியைக் கூப்பிடலாம்.

கஜா புயலில் போனதுபோல் தென்னை சாய்ந்தால் கணக்கே வேறு. அதற்கு வைரம் வெளிப்புறத்தில். நடுவில் மெத்தென்ற வெறும் சோறு. ஓரத்தை மட்டும் சட்டமாக அறுத்துக்கொள்ளுங்கள்.