சரக்கு கப்பலில், வரி கரையில்

நான் ஏற்றுமதி செய்த சரக்கு கப்பலில் போய்க்கொண்டிருக்கும்போதே வாங்குபவர் நாட்டில் இறக்குமதி வரி ஏறிவிட்டது. டிடிபி முறையில், அதாவது இறக்குமதி வரியையும் விற்பவரே கட்டும் முறையில், விலை சொல்லியிருந்ததால் கூடுதல் வரி முழுவதும் என் தலையில் விழுந்தது.

முதல் வேலையாக டிஏபி முறைக்கு மாறினேன். அதில் இறக்குமதி வரி வாங்குபவர் பொறுப்பு. பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, வரி கூடினால் ஆளுக்குப் பாதி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டோம். நான் சொல்லும் விலையும் இப்போது 15 நாள்தான் செல்லும்.

ரொம்ப நாள் இழுத்தது பொருள் விவரம் சேர்ப்பதுதான். சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்எஸ் குறியீட்டில் முதல் 6 இலக்கம் உலகப் பொது. அதற்குப் பின் நாட்டுக்கு நாடு மாறும். நான் அனுப்பும் பையில் தைத்த ஜிப் எந்த நாட்டில் செய்தது என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் குறியீடு, மூலப்பொருளின் பிறப்பிடம், சப்ளையர் சான்று எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன.