தரச்சான்று இல்லாத வெள்ளி ரூபாயை இணைய ஏலத்தில் வாங்குவது எப்படி?

என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற நிறுவனங்கள் காசைச் சோதித்து, 70 புள்ளிவரை செல்லும் அளவுகோலில் தரமிட்டு, பிளாஸ்டிக் பேழையில் அடைத்து முத்திரையிட்டுத் தருகின்றன. அந்தச் சோதனைக்கு உட்படாத காசைச் சேகரிப்பாளர்கள் ‘ரா காயின்’ என்கிறார்கள். நேரில் வாங்கும்போது அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், எடை போடலாம், சுண்டி ஓசை கேட்கலாம். இணைய ஏலத்தில் நம்மிடம் இருப்பவை நான்கைந்து படங்களும் விற்பவர் எழுதிய தலைப்பும் மட்டுமே. ஆகவே படம் எதை நிரூபிக்கிறதோ அதற்கு மட்டுமே விலை கேட்க வேண்டும். தலைப்பில் உள்ள ‘அரியது’, ‘தாத்தா காலத்துப் பெட்டியில் கிடைத்தது’ ஆகியவற்றுக்கு ஒரு பைசாகூடச் சேர்க்கக் கூடாது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் ஏற்றது. 1835-ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்திலிருந்து அதன் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், வெள்ளித் தூய்மை 91.7 விழுக்காடு, விட்டம் 30 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். நாட்டு மருந்துக் குறிப்புகளில் வரும் ‘ஒரு ரூபாய் எடை’ இந்தக் காசின் எடைதான். நான்காம் வில்லியம், விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் காலங்கள் முழுவதும் இந்த அளவு மாறவில்லை. ஆறாம் ஜார்ஜ் காலத்தில், 1940-இல்தான் வெள்ளி 50 விழுக்காடாகக் குறைந்தது. 1947-ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே இல்லை. புலி உருவம் பொறித்த அந்தக் காசு நிக்கல், காந்தத்தில் ஒட்டும். அதையும் ‘வெள்ளி ரூபாய்’ என்று ஏலமிடுகிறவர்கள் உண்டு.

இந்த எண்கள் விலைக்கு ஓர் அடித்தளத்தைத் தருகின்றன. பழைய தரத்து ரூபாயில் தூய வெள்ளி ஏறத்தாழ 10.7 கிராம், 1940 முதல் 1945 வரையிலானவற்றில் 5.83 கிராம். அன்றைய வெள்ளி விலையால் இதைப் பெருக்கி, தேய்மானத்தில் குறைந்த எடைக்கு உரியதைக் கழித்தால், காசு அதற்குக் கீழே போகாத மதிப்பு கிடைக்கும். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் காசின் நிலையோ ஆண்டோ காரணமாக இருக்க வேண்டும்.

சிலவற்றை ஏலப் பட்டியலில் கண்டால் திறந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1616, 1818 போன்ற ஆண்டுகளும் ராமர் பட்டாபிஷேகமோ அனுமன் உருவமோ பொறித்த செம்பு வில்லைகளைக் கம்பெனி நாணயமாக வெளியிட்டதே இல்லை. அவை பிற்காலக் கற்பனைகள். அரிசியை இழுக்கும் ‘ரைஸ் புல்லர்’ என்று நம் ஊர்களில் பல குடும்பங்களின் சேமிப்பை விழுங்கிய மோசடியிலும் இவ்வகை வில்லைகளுக்குப் பங்கு உண்டு. 2012-இல் வெளியான வைஷ்ணவ தேவி ஐந்து, பத்து ரூபாய்க் காசுகளுக்கு லட்சக்கணக்கில் விலை என்பதும் இதே இனம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய காசுகளை வாங்கவும் விற்கவும் கட்டணம் கேட்கிறவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது.

இனி படங்களுக்கு வருவோம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டோடு நிற்கும் ஏலத்தில் விலை கேட்பதற்கு முன், விளிம்பின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய தரத்து ரூபாயின் விளிம்பைச் சுற்றி மெல்லிய செங்குத்து வரிகள் ஒரே சீராக ஓட வேண்டும். அச்சில் வார்த்த போலியில் அந்த வரிகள் மழுங்கியிருக்கும். இரு பாதிகள் சேர்ந்த தடம் விளிம்பின் நடுவே கோடாகத் தெரியும், அல்லது அதை அரத்தால் ராவிய அடையாளம் இருக்கும். காசின் பரப்பில் குண்டூசி முனை அளவுக் குழிகளும், சோப்பில் செதுக்கியதுபோல் கரை மழுங்கிய எழுத்துகளும் வார்ப்பின் அறிகுறிகள். தேய்ந்த காசிலும் எழுத்து மழுங்கும்தான். ஆனால் தேய்மானம் கன்னம், முடி, கிரீடம் போன்ற மேடான இடங்களில் தொடங்கும். மேடும் பள்ளமும் ஒரே அளவு மங்கியிருந்தால் அது தேய்மானமன்று.

போலியைக் காட்டிக்கொடுக்கும் இன்னொரு தடயம் உண்டு. உண்மையான காசு புழக்கத்தில் வாங்கிய கீறலும் நெளிசலும் அதற்கு மட்டுமே உரியவை. ஆனால் ஒரு காசைத் தாயாக வைத்து வார்ப்பு எடுக்கும்போது அந்தக் கீறலும் சேர்ந்தே படியும். எனவே அதே ஆண்டு, அதே வகைக் காசுக்கு நடந்த பழைய ஏலங்களின் படங்களைத் தேடி ஒப்பிடுங்கள். அரசியின் தாடைக்குக் கீழே ஒரே வளைவில் ஒரே கீறல் இரு வேறு காசுகளில் இருந்தால் இரண்டையுமே விட்டுவிடுங்கள். காசு ஒன்றே, படம்தான் இருவரிடம் இருக்கிறது என்றால், யாரோ ஒருவர் மற்றவரின் படத்தைத் திருடியிருக்கிறார். அந்த ஐயம் எழுந்தால், அன்றைய தேதியைக் கையால் எழுதிய தாளின் மேல் காசை வைத்து ஒரு படம் கேளுங்கள். காசு கையில் உள்ளவருக்கு அது இரண்டு நிமிட வேலை.

போலியல்லாத காசிலும் பாதி விலை போகக் காரணங்கள் உண்டு. நம் வீடுகளில் வெள்ளியைத் திருநீறு போட்டுத் தேய்ப்பது வழக்கம், ரூபாய்களும் தப்பவில்லை. அப்படித் தேய்த்த காசு படத்தில் பளபளக்கும்; விற்பவர் அதைப் ‘புதுக்காசு நிலை’ என்பார். அச்சிலிருந்து வந்த இயல்பான பளபளப்பு, காசைச் சாய்க்கும்போது சக்கரத்தின் ஆரங்கள்போல் சுழலும். தேய்த்த பளபளப்பு அசையாமல் தட்டையாக நிற்கும். சாய்த்துக் காட்டும் பத்து வினாடி வீடியோ ஒன்று இதைத் தீர்த்துவிடும்.

மாலையில் கோத்து அணிந்த காசு இதைவிடத் தந்திரமானது. சில ஆண்டுகளுக்கு முன் 1862-ஆம் ஆண்டு விக்டோரியா ரூபாய் ஒன்றை நான் ஏலத்தில் எடுத்தேன். படத்தில் விற்பவர் காசைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்திருந்தார். கையில் பிடித்த படம் என்பதால் எனக்கு நம்பிக்கையே கூடியது. காசு வந்த பிறகு பார்த்தால், கட்டைவிரல் மறைத்திருந்த உச்சி விளிம்பில் வளையம் பற்றவைத்து நீக்கிய தடம் இருந்தது. ‘திருப்பி எடுப்பதில்லை’ என்று பட்டியலிலேயே எழுதியிருந்ததால் பேச இடமில்லை. அன்றிலிருந்து விரல் மறைக்கும் இடத்தை ஓட்டை என்றே கணக்கிட்டு விலை கேட்கிறேன்.

அரிய ஆண்டுகளைப் பொறுத்தவரை என் கருத்து கண்டிப்பானது. 1939-ஆம் ஆண்டு ரூபாயைச் சான்று இல்லாமல் இணையத்தில் வாங்கவே கூடாது. 1938-இன் கடைசி எட்டை ஒன்பதாக்குவது தேர்ந்த கைக்குக் கடினமான வேலையன்று. அடிப்படைக் காசு அசலாகவே இருப்பதால் எடையும் வெள்ளியும் சரியாகவே இருக்கும். 1911-ஆம் ஆண்டு ‘பன்றி ரூபாய்’ அவ்வளவு அரிதன்று. மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து 1912-இல் உருவத்தைத் திருத்தினார்கள் என்ற கதை, அந்தக் காசின் தலைப்பை நீளமாக்குகிறது; அதன் விலையைத் தீர்மானிப்பது அந்த யானை எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதே.

விற்பவரைப் பற்றி விசாரிக்கும்போது நட்சத்திரங்களின் எண்ணிக்கையைவிடக் குறைகூறிய கருத்துகளைப் படியுங்கள். கைபேசி உறை விற்றுச் சேர்த்த நற்பெயர் நாணயத்துக்குப் பொருந்தாது. அச்சிட்ட பட்டியலோடு நடத்தும் ஏல நிறுவனங்களில் போலி என்று நிறுவப்பட்டால் திருப்பித் தருவதற்கு விதிமுறை உண்டா, எத்தனை நாளுக்குள் என்பதை முதலில் படித்துவிடுங்கள். வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் நடக்கும் ஏலங்களில் விலை மலிவுதான். ஆனால் யூபிஐ வழியாக அனுப்பிய பணத்தை மீட்டுத் தர இடையில் யாரும் இல்லை. அங்கே, இழந்தால் தூக்கம் கெடாத தொகைக்கு மட்டுமே வாங்கலாம்.

விலை கேட்பதற்கு முன் உச்சத் தொகையைத் தாளில் எழுதிவையுங்கள். அந்தத் தொகைக்குள் ஏல நிறுவனத்தின் கமிஷன், அதன் மீதான வரி, அனுப்புச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். கமிஷன் ஐந்தில் ஒரு பங்கு என்றால், ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் முடிந்த காசு வீட்டுக்கு வரும்போது ஆயிரத்து இருநூறைத் தாண்டியிருக்கும். ஏல முடிவில் வெளிப்பட்ட உண்மை விலைகளோடு ஒப்பிட வேண்டுமே தவிர, விற்காமல் கிடக்கும் பட்டியல் விலைகளோடு அன்று. ஒருவர் உங்களை மட்டும் விடாமல் துரத்தி, நீங்கள் நிறுத்தியதும் தானும் நிறுத்தி, மறுவாரம் அதே காசு மீண்டும் ஏலத்துக்கு வந்தால், துரத்தியவர் விற்பவரின் ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சிங்கப்பூர், மலேசியா, இலங்கையில் இருந்துகொண்டு இந்தியாவில் உள்ளவரிடம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருளாகும். அதைத் தனியார் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யக் கூடாது. ‘பரிசுப்பொருள் என்று எழுதி அனுப்பிவிடுகிறேன்’ என்கிறவரிடம் விலகி நிற்பதே நல்லது.

பொதி வந்ததும், முகவரிச் சீட்டு தெரியும்படி வைத்து, பிரிப்பதைத் தொடக்கம் முதல் இடையில் வெட்டாமல் வீடியோ எடுங்கள். அடுத்து, 0.01 கிராம் துல்லியம் உள்ள சிறு தராசில் எடை போடுங்கள். நன்றாகத் தேய்ந்த காசு 11.4 கிராம் வரை இறங்கலாம். தேயாத காசு 11 கிராமோ 12 கிராமோ இருந்தால் விளக்கம் கேட்க வேண்டும். பிறகு தராசின் மேல் தண்ணீர் உள்ள டம்ளரை வைத்து அளவைப் பூச்சியமாக்கி, தையல் நூலில் கட்டிய காசை அடியைத் தொடாமல் முழுவதும் மூழ்கும்படி பிடியுங்கள். பழைய தரத்து முழு எடை ரூபாய் என்றால் தராசு ஏறத்தாழ 1.13 கிராம் காட்டும். 1940 முதல் 1945 வரையிலான பாதி வெள்ளிக் காசு 1.22 அளவிலும், அதே எடையுள்ள செம்பு-நிக்கல் போலி 1.3-ஐ ஒட்டியும் காட்டும். வெள்ளியிலேயே செய்த போலியும் உண்டு என்பதால், இந்தச் சோதனையில் தேறிய காசையும் ஏலப் படத்தோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிட்டுவிடுங்கள். ஐயம் நீங்காவிட்டால், திருப்பியனுப்பும் கெடு முடிவதற்குள் எடைத் தராசின் படத்தோடு எழுத்தில் முறையிடுங்கள்; தொலைபேசியில் பேசியது பின்னால் எதற்கும் சாட்சியாகாது. அந்தக் கெடு முடியும்வரை காசைக் கழுவவோ துடைக்கவோ வேண்டாம். தொட்டு மாற்றிய காசை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.