கார்பல் டனல்: கை மரப்புக்கு வீட்டிலேயே செய்யும் கைமுறைச் சிகிச்சை

நடு இரவில் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. எழுந்து உதறினால் கொஞ்சம் சரியாகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்று மரப்பு இருந்து, சுண்டுவிரல் மட்டும் தப்பித்துக்கொண்டால் கார்பல் டனல் சிண்ட்ரோமாக இருக்கலாம். மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு இந்தக் கைமுறைச் சிகிச்சையை, அதாவது கையால் நீவியும் அசைத்தும் செய்வதை, தொடங்குங்கள்.

மணிக்கட்டில் எலும்புகள் அடியிலும், தடித்த தசைநார் ஒன்று கூரைபோல மேலேயும் இருக்க, நடுவே ஒரு குறுகலான வழி உண்டு. அதுதான் கார்பல் டனல். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்கள்), மரத்துப்போகும் அந்த விரல்களுக்கு உணர்வு தரும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகின்றன. உள்ளே இடம் குறைந்தால் நசுங்குவது நரம்பு. அதனால்தான் சொல்கிறேன், தயவுசெய்து வலிக்கிற மணிக்கட்டையே அழுத்தித் தேய்க்காதீர்கள். ஏற்கெனவே நெரிசலில் தவிக்கும் நரம்பை அது இன்னும் நெரிக்கும்.

கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்திருந்தாலோ, மரப்பு நாள் முழுக்க விலகாமல் இருந்தாலோ, பொருள்கள் கைநழுவி விழுந்தாலோ இந்தப் பயிற்சிகளில் நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

முதலில் முன்கை. உள்ளங்கை மேலே பார்க்க, கையை மேசைமேல் வையுங்கள். மறு கையின் கட்டைவிரலால் மணிக்கட்டுக்கு நான்கு விரல் தள்ளித் தொடங்கி, முழங்கையை நோக்கி மெதுவாக நீவுங்கள். இதமான அழுத்தம் போதும். இரண்டு நிமிடம்.

அடுத்து விரல்கள். விரல்களை நேராக நீட்டுங்கள், பிறகு விரல்களின் அடி மூட்டு நேராகவே இருக்க, மேல் மூட்டுகளை மட்டும் கொக்கிபோல மடக்குங்கள், மறுபடி நீட்டி முழு முஷ்டி பிடியுங்கள். தசைநாண்கள் உள்ளே வழுக்கி நகர இது உதவும். 5 முறை.

இப்போது நரம்பை நகர்த்துவது. நிதானம் இங்கேதான் தேவை. மணிக்கட்டை நேராக வைத்து முஷ்டி பிடியுங்கள். விரல்களை நீட்டுங்கள், கட்டைவிரல் பக்கத்திலேயே ஒட்டியிருக்கட்டும். அப்புறம் மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாக வளையுங்கள். பிறகு கட்டைவிரலை விலக்குங்கள். கடைசியாக, உள்ளங்கை மேலே வரும்படி முன்கையைத் திருப்புங்கள். ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் போதும். நரம்பு தசையைப் போல இல்லை, பிடித்து இழுத்தால் கோபித்துக்கொள்ளும். எந்த நிலையில் ஊசி குத்துவது போல் தொடங்குகிறதோ, அதற்கு முந்தைய நிலையோடு திரும்பிவிடுங்கள். நாளாக ஆக அந்த எல்லை தானே நகரும்.

மணிக்கட்டின் சிறு எலும்புகளை அசைத்துக் கொடுப்பது பிசியோதெரபிஸ்ட்டின் வேலை, அதை வீட்டில் முயல வேண்டாம். ஆனால் அவரிடம் போவது வீண்செலவு என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பெயினில் 100 பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், கைமுறைச் சிகிச்சை பெற்றவர்களும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் ஓராண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். அங்கே கழுத்துக்கும் சேர்த்தே சிகிச்சை தந்தார்கள்.

இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்ப்லிண்ட் போட்டுத் தூங்குங்கள். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கும்போது உள்ளே அழுத்தம் ஏறும், பகலில் செய்ததெல்லாம் இரவில் கெட்டுப்போகும். மரத்துப்போய் எழுந்த இரவுகளைக் காலண்டரில் குறித்து வாருங்கள். 6 வாரத்தில் அவை குறையவில்லை என்றால் அந்தக் காலண்டரோடு மருத்துவரிடம் போங்கள்.